ஏழு சபைகள் துருக்கி டூர்: லவோதிக்கேயாவுக்கு 40 நிமிஷம், தோல் கடைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டு அந்த ஊர்களுக்கும் எங்களுக்கு அமைந்த கைடுக்கும். டூர் நடத்தியவர்களுக்கு ஒன்று, அதுவும் 31 பேரையும் பாஸ்போர்ட் தொலையாமல் மீனம்பாக்கத்தில் திரும்ப இறக்கிவிட்டதற்காக. ஏஜென்சி பெயர் இதில் இல்லை, கேட்டு மெசேஜ் போட வேண்டாம். வந்தபிறகு வேறு சில ஏஜென்சிகளின் நோட்டீஸையும் வாங்கிப் பார்த்தேன், கிட்டத்தட்ட எல்லாம் ஒரே அச்சு. அதனால் யாரிடம் பணம் கட்டினாலும் முன்கூட்டிக் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

நான் பல்லாவரம். 2024 மே, மூன்றாம் வருஷப் பரீட்சை முடிந்த கையோடு போனேன். எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திலிருந்து 14 பேர், எல்லோரும் காலேஜ் படிப்பவர்கள். மீதி அவர்களுடைய அப்பா அம்மாக்கள், ரிட்டயர்டு டீச்சர் ஆன்ட்டிகள் சிலர், அப்புறம் ஆயர் ஐயாவும் ஆயரம்மாவும். முதலில் போட்ட திட்டம் எருசலேம்தான். 2023 அக்டோபரில் அங்கே போர் தொடங்கியதும் அது நின்றுபோனது. கட்டிய அட்வான்ஸைக் கேட்டால், "அதே பணத்தில் ஏழு சபைகள் கூட்டிட்டுப் போறோம், மனசை மாத்திக்கோங்க" என்றார்கள். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களில் கடிதம் வாங்குகிற ஏழு சபைகளும் இன்றைய துருக்கியில் இருக்கின்றன என்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணியதோடு சரி.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நோட்டீஸில் பெரிய எழுத்தில் 1,42,000 ரூபாய். அதன்மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி, அப்புறம் வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்பதால் டிசிஎஸ் என்ற முன்கூட்டிப் பிடிக்கும் வரி, அப்போது இன்னொரு 5 சதவீதம். இந்த டிசிஎஸ் போன பணம் இல்லை, யாருடைய பான் எண்ணில் கட்டினீர்களோ அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்பப் பெறலாம், அதனால் தாக்கல் செய்கிறவருடைய பான் எண்ணையே கொடுங்கள், நாங்கள் அப்பாவுடையதைக் கொடுத்தோம். விசா தனி. கைடுக்கும் டிரைவருக்கும் டிப்ஸ் என்று டாலரில் ஒரு தொகை, அதுவும் விமானம் ஏறுவதற்கு மூன்று நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். மொத்தத்தில் ஆளுக்கு 1,75,000 பக்கம் வந்துவிட்டது. தமிழக அரசு எருசலேம் புனிதப் பயணத்துக்குத் தரும் 37,000 ரூபாய் மானியம் இதற்கும் கிடைக்கும் என்று நம்பி வந்த அங்கிள் ஒருவர் இருந்தார். அது எருசலேம் போகிறவர்களுக்கான திட்டம், துருக்கிக்கு இல்லை. இதை பணம் கட்டும்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

விசா விஷயத்தில் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க, பிரிட்டன் அல்லது ஷெங்கன் விசா கையில் இருக்கும் இந்தியர்களுக்கு ஆன்லைனிலேயே இ-விசா கிடைக்கிறது. நமக்கு அதெல்லாம் ஏது, ஸ்டிக்கர் விசாதான். காலேஜிலிருந்து போனஃபைடு, என்ஓசி, அப்பாவின் பேங்க் ஸ்டேட்மென்ட், அவர் செலவை ஏற்கிறார் என்று ஒரு கடிதம். பரீட்சை நேரத்தில் ஆபீஸ் ரூமில் போனஃபைடு வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு மாதம் முன்னாலேயே ஆரம்பியுங்கள்.

சென்னையிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேர் விமானம் இல்லை, வளைகுடா வழியாகத்தான். ஏழு மணி நேரம் நாற்காலியில் தூக்கம். அதை விடுங்கள்.

இஸ்தான்புல் இரண்டு நாளும் எனக்குக் கோபம்தான் வந்தது. திட்டத்தில் 'ஹாகியா சோபியா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 537-ல் பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்த தேவாலயம், 1453-க்குப் பிறகு மசூதி, அப்புறம் பல வருஷம் மியூசியம், 2020-லிருந்து மறுபடி மசூதி. இப்போது வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை மேல்மாடத்துக்கு மட்டும் விடுகிறார்கள், அதற்கு 25 யூரோ டிக்கெட். அந்தப் பழைய மொசைக் படங்கள் இருப்பதும் மேல்மாடத்தில்தான். எங்களை வெளியே நிறுத்தி போட்டோ எடுக்கச் சொன்னார்கள். கேட்டால், திட்டத்தில் மூலையில் பொடி எழுத்தில் 'வெளியிலிருந்து பார்வையிடல்' என்று இருக்கிறதாம். இருந்தது. பாஸ்பரஸ் நீரிணையில் படகு, கிராண்ட் பஜார், லோக்கும் மிட்டாய்க் கடை, இப்படியே இரண்டாவது நாளும் முடிந்தது. இரண்டு மணி நேரப் பயணத்தில் இஸ்னிக் இருக்கிறது. அதுதான் நிசேயா, 325-ல் சபைத் தலைவர்களின் சங்கம் கூடிய ஊர், திருவிருந்து ஆராதனையில் எழுந்து நின்று சொல்கிறோமே நிசேயா விசுவாசப் பிரமாணம், அதன் தொடக்கம் அங்கேதான். சபைக் குழுவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதை விட்டுவிட்டுப் பஜாருக்கு மூன்று மணி நேரம் கொடுப்பது எந்த நியாயம் என்று இன்னும் புரியவில்லை.

அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் இஸ்மிர். அதுதான் சிமிர்னா. ஏழில் இன்றைக்கும் பெரிய நகரமாக இருப்பது இது ஒன்றுதான். நடு நகரத்தில் பழைய சந்தைவெளி, கீழே வளைவு வளைவாகக் கல் மண்டபம், அதில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. இந்த ஊரில் இரத்தசாட்சியாக மரித்த ஆயர் பொலிக்கார்ப்பு பெயரிலுள்ள தேவாலயம் பூட்டியிருந்தது. முன்கூட்டிச் சொல்லி வைத்தால்தான் திறப்பார்களாம், சொல்லி வைப்பது யாருடைய வேலை?

கைடைப் பற்றிச் சொல்ல வேண்டும். இஸ்மிர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், முஸ்லிம், வெளிப்படுத்தின விசேஷத்தை வசன எண்ணோடு சொல்கிறார். "உங்க பைபிளை நான் வேலைக்காகப் படிச்சேன், நீங்க எதுக்காகப் படிச்சீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்று முதல் நாளே பஸ்ஸில் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் ஒரு போடு போட்டார். பின் சீட்டில் இருந்த நாங்கள் எல்லாம் கப்சிப்.

பெர்கமு மலை உச்சியில் இருக்கிறது, கேபிள் காரில் ஏறினோம். தியேட்டர் செங்குத்தாக இறங்குகிறது, நம் ஊர் சினிமா பால்கனி மாதிரி நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்த ஆன்ட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். 'சாத்தானுடைய சிங்காசனம்' என்று கடிதத்தில் வருவது இங்கிருந்த ஜீயஸ் பலிபீடம் என்று சிலர் சொல்கிறார்கள், ரோமப் பேரரசர் வழிபாடு என்று வேறு சிலர். பலிபீடத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் இங்கே அடித்தளமும் அதன்மேல் வளர்ந்த மரங்களும்தான் உண்டு. மற்றதெல்லாம் பெர்லின் மியூசியத்தில். ஆயர் ஐயா அங்கே முப்பது நிமிஷம் செய்தி கொடுத்தார், வெயிலில் நின்றபடி. அவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் அத்தனை தூரம் போய் மலையில் நின்றுகொண்டு கல்லுக்கு முதுகைக் காட்டி நோட்ஸ் எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்றைக்கு ராத்திரி நாங்கள் நாலு பேர் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டோம்: "ஐயா, செய்தியை பஸ்ல வெச்சுக்கலாமா, இடத்துல அந்தக் கடிதத்தை மட்டும் வாசிச்சிட்டு சும்மா சுத்திப் பாக்கலாமா?" கோபிப்பார் என்று நினைத்தோம். "இதை நேத்தே சொல்லக்கூடாதா" என்றார். மறுநாளிலிருந்து டூரே மாறிப்போனது.

மறுநாள் ஒரே பகலில் மூன்று சபைகள். தியத்தீரா, இப்போது ஆக்ஹிசார், ஊர் நடுவே வேலி போட்ட ஒரு மனை, சுற்றிலும் கடைகள். இரத்தாம்பரம் விற்ற லீதியாளின் ஊர் என்பதைத் தவிர அங்கே மனசில் நிற்க ஒன்றும் இல்லை. இருபது நிமிஷம் போதும், இருபதுதான் கொடுத்தார்கள், நியாயம். வெளியே வாங்கிய ஆலிவ் ஊறுகாய் மட்டும் அருமை.

சர்தையை நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. பொன்னுக்குப் பெயர்போன குரோசஸ் ராஜாவின் தலைநகர் இது. மலைமேல் கோட்டை, யாரும் ஏற முடியாது என்று நம்பி ஒரு பக்கம் காவல் போடாமல் விட்டார்கள், அந்தச் செங்குத்துப் பாறை வழியாகத்தான் பாரசீக ராஜா கோரேசின் ஆட்கள் ஏறிப் பிடித்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். முந்நூறு வருஷம் கழித்து மூன்றாம் அந்தியோகு ராஜாவின் படையும் காவல் இல்லாத பக்கமாகவே ஏறி வந்ததாம். இதைச் சொல்லிவிட்டு கைடு எங்களைக் கோட்டைப் பாறைக்கு நேராக நிற்கவைத்து, இப்போது வாசியுங்கள் என்றார். விழித்துக்கொள், திருடனைப்போல வருவேன் என்று வருகிற இடம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது எப்படிச் சுருக்கென்று தைத்திருக்கும்! கீழே பெரிய யூத ஜெப ஆலயம், தரையில் மொசைக், பக்கத்திலேயே வரிசையாகக் கடைகள் இருந்த இடம். ஆர்ட்டெமிஸ் கோயிலின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டித் தேவாலயம் வரைக்கும் நடந்து போங்கள், பாதிக் குழு பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டது, அவர்களுக்குத்தான் நஷ்டம்.

பிலதெல்பியா, அதாவது அலாஷெஹிர், சாதாரணத் தெரு. இரண்டு பக்கமும் வீடு, மாடியில் துணி காய்கிறது, நடுவில் யோவான் பெயரிலிருந்த பழைய தேவாலயத்தின் பிரம்மாண்டமான செங்கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. கி.பி. 17-ல் பூகம்பம் வந்து நகரம் நொறுங்கியபிறகு, நில அதிர்வு விடாததால் பலர் ஊருக்கு வெளியே வயல்வெளியில்தான் குடியிருந்தார்களாம். அவர்களுக்குத்தான், ஜெயங்கொள்ளுகிறவனைத் தூணாக்குவேன், அவன் இனி வெளியே போகவேண்டாம் என்று கடிதம். எங்கள் கூட்டத்தில் வழக்கமாக எதற்கும் கேலி பண்ணுகிற தம்பி ஒருவன் அந்தத் தூணில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இனி லவோதிக்கேயா. இந்த ஊருக்காகவே திரும்பப் போவேன்.

குளிருமல்ல அனலுமல்ல, வெதுவெதுப்பு என்று வரும் பகுதியை எத்தனை கன்வென்ஷனில் கேட்டிருப்போம். அனல் என்றால் நல்ல விசுவாசி, குளிர் என்றால் பின்வாங்கினவன், வெதுவெதுப்பு என்றால் நடுவில் ஊசலாடுகிறவன், இப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். கைடு ஒன்றும் விளக்காமல் கையை மட்டும் காட்டினார். வடக்கே தூரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு மலைச்சரிவு, அது பமுக்கலே, பழைய எராப்போலி, வெந்நீர் ஊற்று, வியாதிக்காரர்கள் குளிக்க வந்த ஊர். இன்னொரு பக்கம் கொலோசெ, அங்கே மலையிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர், குடிக்க நல்லது. லவோதிக்கேயாவுக்கு நல்ல ஊற்று கிடையாது, தூரத்திலிருந்து குழாயில் கொண்டுவந்தார்கள். அப்படியானால் சுடுதண்ணீரும் நல்லதுதான், குளிர்ந்த தண்ணீரும் நல்லதுதான், ஒன்றுக்கும் உதவாதது வெதுவெதுப்பு மட்டும். நம் தமிழ் பைபிளிலேயே குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலம் என்று தெளிவாக இருக்கிறது, இத்தனை வருஷம் கண்ணில் படவில்லை. எல்லா ஆராய்ச்சியாளர்களும் இந்தத் தண்ணீர் விளக்கத்தை ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் அவரே சொன்னார், அது எனக்குப் பிடித்தது.

அப்புறம் அந்தக் குழாயைக் காட்டினார். கல்லைக் குடைந்த குழாய், உள்ளே சுண்ணாம்பு படிந்து படிந்து வாய் சுருங்கி, கை நுழைகிற இடத்தில் இரண்டு விரல்தான் போகும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் அப்படியே இதுதான். ஹீட்டர் காயில் வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையாகப் பொரிந்து போகும், ஷவர் ஓட்டைகளை அம்மா ஊசியால் குத்திக்கொண்டே இருப்பார், வாளியில் வெள்ளைக் கோடு. குரோம்பேட்டை, மேடவாக்கம் ஆட்களும் உடனே "ஏய், நம்ம வீட்டுத் தண்ணி" என்று கூடிவிட்டார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஊரோடு எனக்கு ஒட்டுறவு வந்தது வசனத்தால் இல்லை, உப்புத் தண்ணீரால். கி.பி. 60-ல் பூகம்பம் வந்தபோது ரோமிடம் உதவி வாங்காமல் சொந்தக் காசில் நகரத்தைக் கட்டிக்கொண்டவர்கள் இவர்கள், பணத்துக்குக் குறைவில்லாத ஊர், 'எனக்கு ஒரு குறைவுமில்லை' என்கிற வார்த்தையை அங்கே நின்று வாசித்தால் வேறு மாதிரி கேட்கிறது. கண்ணுக்குக் கலிக்கம் போடச் சொல்வதுகூட சும்மா இல்லை, கண் மருந்துக்குப் பெயர்போன வட்டாரமாம். தோண்டியெடுத்த பழைய தேவாலயத்தின் மேல் கூரை போட்டு, கண்ணாடித் தரைக்குக் கீழே மொசைக் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள்.

இதை எல்லாம் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது 40 நிமிஷம். ஏன் என்றால் அன்றைக்குக் காலையில் டெனிஸ்லியில் துண்டு விற்கும் கடை. பருத்தித் துண்டுக்குப் பெயர்போன ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன், ஈரோடு இருக்கும்போது துண்டுக்கு எதற்குத் துருக்கி?

எராப்போலியில் அப்போஸ்தலன் பிலிப்பு இரத்தசாட்சியாக மரித்ததாகச் சொல்லும் இடம் மலைமேல் இருக்கிறது, மூச்சு வாங்கும், பரங்கிமலைப் படி ஏறிப் பழகியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. 2011-ல் இத்தாலிய ஆய்வுக்குழு அவருடைய கல்லறையைக் கண்டதாக அறிவித்ததும் அங்கேதான். முட்டி வலிக்காரர்கள் கீழே வெள்ளைத் திட்டுகளில் செருப்பைக் கழற்றி நடக்கலாம், வழுக்கும், பார்த்து.

கடைசியாக எபேசு. இதற்கு ஒரு முழு நாள் வேண்டும், அரை நாள் கொடுத்தார்கள். செல்சஸ் நூலக முகப்பு முன்னால் போட்டோ எடுக்க வரிசை. தியேட்டர் கிட்டத்தட்ட 25,000 பேர் உட்காரும் அளவு, தட்டான் தெமேத்திரியு கிளப்பிவிட்ட கலகத்தில் 'எபேசியருடைய தியானாளே பெரியவள்' என்று இரண்டு மணி நேரம் கத்தியது இங்கேதான். நம் பையன்கள் அந்த மாதிரி கத்திப் பார்க்கிறோம் என்று ஆரம்பித்து இரண்டு நிமிஷத்தில் இருமிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு கொரியக் குழு பாடி முடிக்கும்வரை காத்திருந்து நாங்களும் ஒரு கீர்த்தனை பாடினோம், மைக் இல்லாமல் மேல் வரிசை வரைக்கும் கேட்டதாக மேலே ஏறியிருந்தவர்கள் சொன்னார்கள். தியேட்டரிலிருந்து துறைமுகத்துக்கு நேராக ஒரு வீதி போகிறது, ஆனால் அதன் முடிவில் கடல் இல்லை, ஆற்று வண்டல் படிந்து கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பவுல் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கிப் பிரசங்கித்த நகரம், இன்றைக்கு அங்கே குடியிருப்பது பூனைகள் மட்டும்.

இயேசுவின் தாய் மரியாள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வீடு திட்டத்தில் இல்லை. எங்களோடு வந்த இரண்டு ஆர்.சி. ஆன்ட்டிகள் கேட்டபோது நேரமில்லை என்றார்கள். கடைசியில் ஆயர் ஐயாவே, "அவங்களும் நம்மகூடதானே வந்திருக்காங்க, போகலாம்" என்று சொல்லிவிட்டார். சின்ன கல் வீடு, அமைதியான மலை, 1967, 1979, 2006 என்று மூன்று போப்பாண்டவர்கள் வந்து போன இடம். செல்சுக்கில் யோவானின் கல்லறைமேல் கட்டிய தேவாலயமும் இடிந்துதான் கிடக்கிறது. அங்கே நிற்கும்போது சாந்தோம் ஞாபகம் வந்தது. அப்போஸ்தலரின் கல்லறை என்று சொல்லப்படுகிற இடத்தில் கட்டிய தேவாலயம் நம் ஊரில் ஆராதனையோடு உயிராக இருக்கிறது, பெசன்ட் நகர் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக ஒரு பார்வை, அதோடு சரி.

இனி அந்தத் தோல் கடை. எபேசில் மாடி வீடுகள் என்று ஒரு பகுதி இருக்கிறது, பணக்காரர்கள் வாழ்ந்த வீடுகள், சுவரோவியம் எல்லாம் அப்படியே. தனி டிக்கெட். எங்கள் காசிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்று பதினொரு பேர் கேட்டோம், நேரமில்லை என்ற பதில். அடுத்த பத்தாவது நிமிஷம் பஸ் ஒரு கடை வாசலில் நின்றது. உள்ளே ஆப்பிள் டீ கொடுத்து உட்காரவைத்து, விளக்கை அணைத்து, பாட்டுப் போட்டு, தோல் ஜாக்கெட் மாட்டிய பெண்கள் நடந்து வருகிறார்கள். ஆயர் ஐயா தலை குனிந்தவர் நிமிரவே இல்லை. ஒரு ஜாக்கெட் 600 டாலர். மே மாதம் சென்னைக்குத் திரும்புகிற ஆட்களுக்குத் தோல் ஜாக்கெட்! தி.நகரில் சேலை எடுக்காமல் எழுந்து வருவதற்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும் இல்லையா, அது இங்கே பத்து மடங்கு வேண்டும். சென்னையிலிருந்து கூட வந்த ஒருங்கிணைப்பாளர் அண்ணன் பிறகு மெதுவாகச் சொன்னார், இந்தக் கடைகள் தரும் பணத்தை வைத்துத்தான் டூர் விலையே இறக்கப்படுகிறதாம். சரி, அப்படியென்றால் அதை நோட்டீஸில் போடுங்கள், ஆளுக்கு ஐயாயிரம் கூடக் கொடுத்துவிட்டு மாடி வீடுகளைப் பார்த்திருப்போம்.

சாப்பாடு பரவாயில்லை. காலையில் ஆலிவ், சீஸ், தக்காளி, வெள்ளரிக்காய், ரொட்டி, இதுவே தினமும். பருப்பு சூப் ஒன்றுதான் எங்களைக் காப்பாற்றியது, அயரான் என்று அவர்கள் கொடுப்பது உப்புப் போட்ட மோரேதான், ஆன்ட்டிகள் அதைக் கண்டுபிடித்தபிறகு புலம்பல் குறைந்தது. பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

போகிறவர்கள் பணம் கட்டும் முன்னால் எழுத்தில் வாங்க வேண்டியது: எத்தனை கடை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம், எந்த இடத்துக்கு உள்ளே போகும் டிக்கெட் சேர்த்தி, லவோதிக்கேயாவுக்கும் சர்தைக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் உண்டா, இஸ்னிக் சேர்க்க முடியுமா. எங்கள் குழுவில் பதினைந்து பேருக்கு ஒரு சீட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், அதனால் பேரம் பேசுகிற பலம் சபைக்கு இருக்கிறது, அதை உபயோகியுங்கள்.

கடைசி நாள் விமான நிலையம் போகும் பஸ்ஸில் மைக்கைக் கொடுத்து, ஒவ்வொருவரும் சாட்சி சொல்லுங்கள், வீடியோ எடுக்கிறோம் என்றார்கள். நான் உப்புத் தண்ணீர்க் குழாயைச் சொன்னேன், அந்த இடத்தில் நாள் முழுக்க இருந்திருப்பேன் என்றேன், அப்புறம் துண்டு கடையையும் தோல் கடையையும் மாடி வீடுகளையும் நேரக் கணக்கோடு சொன்னேன். போன வாரம் ஏஜென்சி அடுத்த பயணத்துக்கான விளம்பரத்தில் அந்த வீடியோவைப் போட்டிருக்கிறது. "அந்த இடத்தில் நாள் முழுக்க இருந்திருப்பேன்" என்று நான் சிரிக்கிறேன், உடனே அடுத்த ஆன்ட்டி வந்துவிடுகிறார்.